வரத்து வற்றிய கார்கள்

2016 மார்ச் மாதம் ஜெனீவா கார் கண்காட்சியில் போர்ஷே நிறுவனம் 911 ஆர் என்ற காரை அறிமுகம் செய்தது. நான்கு லிட்டர் எஞ்சின், 500 குதிரைத்திறன், 1,370 கிலோ எடை. எஞ்சின் புதிதல்ல, முந்தைய ஆண்டே ஜிடி3 ஆர்எஸ் காரில் வந்துவிட்டதுதான். ஆனால் அந்தக் காரில் இல்லாத ஒன்று இதில் இருந்தது. ஓட்டுநரின் இடது காலுக்கு ஒரு கிளட்ச், கைக்கு ஆறு கியர்களுக்கான ஒரு தண்டு. மொத்தமே 991 கார்கள்தான் என்றது நிறுவனம். அமெரிக்காவில் ஏறத்தாழ 1,85,000 டாலர் விலை குறிக்கப்பட்ட அந்தக் காருக்கு, அதைக் கையில் வைத்திருந்தவர்கள் பத்து லட்சம் டாலர் வரை விலை சொன்னார்கள்.

2017இல் போர்ஷே புதிய ஜிடி3 காரை மேனுவல் கியரோடும் விற்கப்போவதாக அறிவித்தது. 911 ஆர் காரின் விலை இறங்கத் தொடங்கியது. அந்தக் கார்களில் ஒரு திருகாணிகூட மாறவில்லை. எண்ணிக்கையும் அதே 991தான். இனி இப்படி ஒரு கார் வரவே வராது என்ற அச்சம் மட்டும் சற்றுத் தணிந்திருந்தது.

மேனுவல் கியர் கொண்ட நல்ல ஸ்போர்ட்ஸ் கார்களுக்குப் பழைய கார் சந்தையில் இன்று நிலவும் பஞ்சத்தைப் புரிந்துகொள்ள இந்த ஏற்ற இறக்கம் உதவும். எத்தனை கார்கள் செய்யப்பட்டன என்பது கணக்கின் ஒரு பகுதி. அதைவிடப் பெரிய பகுதி, வைத்திருப்பவர் அதை விற்க மனம் வைப்பாரா என்பது. விற்றால் திரும்ப ஒன்று கிடைக்காது என்று அவர் நினைக்கும்வரை அந்தக் கார் சந்தைக்கு வராது.

தமிழ்நாட்டு வாசகருக்கு இது விநோதமாகத் தோன்றலாம். இங்கே டிரைவிங் ஸ்கூலில் சேருகிற பெரும்பாலோர் முதல் நாளே கிளட்சை மிதித்து ஃபர்ஸ்ட் கியர் போடத்தான் கற்கிறார்கள். அமெரிக்காவில் கதை வேறு. அங்கே பழைய கார்களை விற்கும் மிகப் பெரிய நிறுவனமான கார்மேக்ஸ் 1995இல் விற்ற கார்களில் 26.8 விழுக்காடு மேனுவல். 2020இல் அது 2.4 விழுக்காடு. கால் நூற்றாண்டில், நான்கு கார்களுக்கு ஒன்று என்றிருந்தது நாற்பதுக்கு ஒன்று என்ற அளவுக்கும் கீழே போய்விட்டது.

இப்படிப் போனதற்கான காரணம் கியர் பெட்டிக்குள்ளேயே இருக்கிறது.

பெட்ரோல் எஞ்சின் ஒரு குறுகிய எல்லைக்குள்தான் உழைக்கும். நிமிடத்துக்குச் சில நூறு சுழற்சிகளுக்குக் கீழே போனால் அணைந்துவிடும். ஏழாயிரம் எட்டாயிரத்தைத் தாண்டினால் பெரும்பாலான எஞ்சின்கள் தாங்காது. சக்கரமோ நின்ற நிலையிலிருந்து மணிக்கு 250 கிலோமீட்டர் வேகம் வரை சுழன்றாக வேண்டும். இந்த இரண்டையும் இணைப்பவை வெவ்வேறு அளவுள்ள பற்சக்கர ஜோடிகள். ஒரு ஜோடியிலிருந்து இன்னொன்றுக்கு மாறும்போது எஞ்சினைக் கொஞ்ச நேரம் துண்டித்து வைக்க வேண்டும். அதற்குத்தான் கிளட்ச். துண்டித்த பிறகும் ஒரு சிக்கல் உண்டு. அடுத்து கோக்க வேண்டிய பற்சக்கரமும் அதன் தண்டும் வெவ்வேறு வேகத்தில் சுழன்றுகொண்டிருக்கும். அப்படியே கோத்தால் பற்கள் உரசி அலறும். 1928இல் காடிலாக் கார்களில் வந்த சிங்க்ரோமெஷ் அமைப்பு இந்தச் சிக்கலைத் தீர்த்தது. நகரும் பேருந்தில் ஏறுகிறவர் அதன் வேகத்துக்கு ஓடி, கம்பியைப் பிடித்து, பிறகு காலெடுத்து வைப்பதுபோல, ஒரு சிறிய பித்தளைக் கூம்பு வளையம் முதலில் பற்சக்கரத்தோடு உரசி இரண்டு வேகங்களையும் சமமாக்குகிறது. அதன் பிறகே பற்கள் கோக்கின்றன. நல்ல ஸ்போர்ட்ஸ் காரில் கியர் தண்டை நகர்த்தும்போது முதலில் மெல்லிய தடையும், பிறகு 'டக்' என்று உள்ளே விழும் உணர்வும் கிடைப்பது இதனால்தான். கைக்குத் தெரிவது அந்த வளையத்தின் வேலை.

இந்த உணர்வுக்காகத்தான் உலகம் முழுதும் ஆட்கள் இந்தக் கார்களைத் தேடுகிறார்கள். உளவியலாளர்கள் பால் ஃபிட்ஸும் மைக்கேல் போஸ்னரும் 1967இல் திறன் கற்றலை மூன்று கட்டங்களாகப் பிரித்தார்கள்: ஒவ்வொரு அசைவையும் யோசித்துச் செய்யும் கட்டம், அசைவுகள் ஒன்றோடொன்று இணையும் கட்டம், யோசனையின்றித் தானாக நடக்கும் கட்டம். மேனுவல் கார் ஓட்டுவது மூன்றையும் கடக்க வைக்கும் வேலை. வளைவுக்குள் நுழையும் முன் வலது காலின் முன்பகுதியால் பிரேக்கை அழுத்தி, அதே காலின் ஓரத்தால் ஆக்சிலரேட்டரைத் தட்டி எஞ்சின் வேகத்தை ஏற்றி, இடது கால் கிளட்சை மிதித்திருக்கும் அதே நொடியில் கை கீழ்க் கியருக்கு மாற்றுவது, மாதக்கணக்கான பழக்கத்துக்குப் பிறகே கைகூடும். கைகூடிய நாளில் கிடைக்கும் நிறைவை எந்த விசையாலும் தர முடியாது. இதை வெறும் பழைய நினைவேக்கம் என்று ஒதுக்குவது தவறு. உடல் ஒரு கருவியைக் கற்றுக்கொள்வதில் உள்ள இன்பம் இது. வயலின் வாசிப்பவருக்கும் தறி நெய்பவருக்கும் தெரிந்த அதே இன்பம்.

ஆனால் வேகம் மட்டுமே அளவுகோல் என்றால் கை தோற்றுவிடும். 1989இல் பிரேசில் கிராண்ட் பிரீ பந்தயத்தில் நைஜல் மான்செல் ஓட்டி வென்ற ஃபெராரி 640 அதைக் காட்டியது. பொறியாளர் ஜான் பர்னார்ட் வடிவமைத்த அந்தக் காரில் கியர் தண்டே இல்லை. ஸ்டியரிங்குக்குப் பின்னால் இருந்த துடுப்புகளை விரலால் இழுத்தால் ஹைட்ராலிக் அழுத்தம் கியரை மாற்றியது. எட்டு ஆண்டுகள் கழித்து, 1997இல், ஃபெராரி அதே யோசனையை எஃப் 355 காரின் வழியே சாலைக்குக் கொண்டுவந்தது. 2001இல் பிஎம்டபிள்யூ தன் எம்3 காரில் இதைப் போன்ற எஸ்எம்ஜி அமைப்பை வைத்தது. இந்த முதல் தலைமுறைத் துடுப்புக் கார்களின் உள்ளே இருந்தது சாதாரண மேனுவல் கியர் பெட்டிதான். கிளட்சை மிதிக்கும் காலுக்கும் தண்டைத் தள்ளும் கைக்கும் பதிலாக ஹைட்ராலிக் பிஸ்டன்கள் அமர்ந்திருந்தன. இந்த விவரம் பின்னால் மறுபடி தேவைப்படும்.

உண்மையான திருப்பம் இரட்டைக் கிளட்சோடு வந்தது. ஒற்றைப்படைக் கியர்கள் ஒரு கிளட்சில், இரட்டைப்படைக் கியர்கள் இன்னொரு கிளட்சில். மூன்றாம் கியரில் ஓடும்போதே நான்காவது கோக்கப்பட்டுத் தயாராக இருக்கும். ஒரு கிளட்ச் விட மற்றது பிடித்துக்கொள்ளும். பிரெஞ்சுப் பொறியாளர் அடால்ஃப் கெக்ரெஸ் இந்த யோசனையை இரண்டாம் உலகப்போருக்கு முன்பே முன்வைத்துவிட்டார். போர்ஷே 1980களில் தன் பந்தயக் கார்களில் இதைச் சோதித்து, 1986இல் மோன்சாவில் வென்றும் காட்டியது. அன்றாடச் சாலைக்கு இது வந்தது 2003இல், ஃபோக்ஸ்வாகன் கோல்ஃப் ஆர்32 காரில். தேர்ந்த ஓட்டுநர் கையால் கியர் மாற்ற அரை விநாடி அளவு ஆகும் என்று வைத்துக்கொண்டால், மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் அந்த அரை விநாடியில் கார் 14 மீட்டர் தூரம் எஞ்சின் விசை இல்லாமலே உருண்டுவிடும். இரட்டைக் கிளட்சில் இந்த இழப்பு ஏறத்தாழ மறைந்துவிடுகிறது.

எரிபொருள் கணக்கும் சேர்ந்துகொண்டது. ஏழு, எட்டு கியர்கள் கொண்ட தானியங்கிப் பெட்டி எஞ்சினை எப்போதும் சிக்கனமான சுழற்சியில் வைத்திருக்கும். மனித ஓட்டுநர் அப்படி வைத்திருப்பார் என்று நம்ப முடியாது. ஐரோப்பிய ஒன்றியம் புதிய கார்களின் சராசரிக் கரியமில வாயு வெளியீட்டுக்குக் கிலோமீட்டருக்கு 95 கிராம் என்று இலக்கு வைத்து, அதைத் தாண்டும் ஒவ்வொரு கிராமுக்கும் விற்ற ஒவ்வொரு காருக்கும் 95 யூரோ அபராதம் என்றது. எஞ்சினும் கியர் பெட்டியும் சேர்ந்த ஒவ்வொரு ஜோடிக்கும் தனியே சோதனை நடத்திச் சான்று பெறவும் வேண்டும். சில நூறு பேர் மட்டுமே வாங்கும் மேனுவல் வகைக்காக அந்தச் செலவைச் சுமக்க எந்தக் கணக்காளரும் எளிதில் ஒப்புக்கொள்வதில்லை.

இப்படியாக மேனுவல் வகைகள் ஒன்றன்பின் ஒன்றாக நின்றன. நிஸான் 2007இல் கொண்டுவந்த ஜிடி-ஆர் ஆர்35, 2009இல் வந்த ஃபெராரி 458, 2011இல் வந்த லம்போர்கினி அவென்டடார் ஆகியவற்றில் மேனுவல் கிடையவே கிடையாது. ஆடி ஆர்8 காரின் முதல் தலைமுறையில், பளபளக்கும் உலோகத் தகட்டில் வெட்டிய பாதைகள் வழியே தண்டு நகரும் அழகான மேனுவல் இருந்தது. 2015இல் வந்த இரண்டாம் தலைமுறையில் அது போய்விட்டது. 1955இலேயே மேனுவல் கியர் பெற்ற அமெரிக்காவின் ஷெவர்லே கார்வெட், 2019இல் அறிமுகமான எட்டாம் தலைமுறையில் இரட்டைக் கிளட்ச் மட்டும் என்றாகிவிட்டது.

நிறுவனங்களை மட்டும் குறை சொல்லிவிட முடியாது. ஃபெராரி 599 ஜிடிபி 2006இல் வந்தபோது மேனுவல் வேண்டும் என்றால் கொடுத்தார்கள். கேட்டு வாங்கியவர்கள் உலகம் முழுதும் ஏறத்தாழ 30 பேர். மற்ற அனைவரும் துடுப்பைத் தேர்ந்தெடுத்தார்கள், ஏனென்றால் அன்று அதுதான் புதுமை, அதுதான் பந்தயத் தொழில்நுட்பம். இன்று அந்த 30 கார்களின் விலை துடுப்பு வகையைவிடப் பல மடங்கு. பழைய கார் சந்தையில் எது கிடைக்கும் என்பதை அன்றைய ஷோரூமில் ஆர்டர் படிவத்தில் போட்ட குறிகளே முடிவு செய்துவிட்டன. இன்றைய விருப்பம் எவ்வளவு வலுத்தாலும், 2006க்குத் திரும்பிப்போய் அந்தப் படிவத்தைத் திருத்த முடியாது.

வாங்குபவர்கள் திரண்டு கேட்டால் என்ன நடக்கும் என்பதற்கும் சான்று உண்டு. பத்து சிலிண்டர் எஞ்சின் கொண்ட பிஎம்டபிள்யூ எம்5 காரை, 2000களின் நடுவில், ஐரோப்பாவில் எஸ்எம்ஜி பெட்டியோடு மட்டுமே விற்றார்கள். தானியங்கிக் கார்களின் நாடு என்று பெயர் பெற்ற அமெரிக்காவின் ரசிகர்கள் விடாப்பிடியாகக் கேட்டதால், அந்நாட்டுக்கென மேனுவல் வகை தனியே உருவானது.

சந்தையில் 'வரத்து' என்று சொல்வார்களே, அதைப் பார்ப்போம். இருப்பும் வரத்தும் ஒன்றல்ல. இதற்கு ஒரு கற்பனைக் கணக்கு போதும். ஒரு ஸ்போர்ட்ஸ் கார் 10,000 செய்யப்பட்டது என்று வைத்துக்கொள்வோம். அதில் ஐந்தில் ஒன்று மேனுவல்: 2,000. இருபது ஆண்டில் விபத்து, துரு, உதிரிபாகத்துக்காகப் பிரித்தது என்று பாதி அழிந்தால் 1,000. மிஞ்சியதில் பாதி, கண்டபடி மாற்றப்படாமல் அசல் நிலையில் இருந்தால் 500. ஒவ்வோர் உரிமையாளரும் சராசரியாகப் பத்தாண்டுக்கு ஒருமுறை விற்றால், ஓராண்டில் சந்தைக்கு வருவது 50. அந்த ஐம்பது ஜப்பான், ஐரோப்பா, அமெரிக்கா, ஆஸ்திரேலியா என்று சிதறிக் கிடக்கும். அதில் ஒருவர் விரும்பும் நிறமும் வருடமும் கொண்டது எத்தனை இருக்கும்? உரிமையாளர்கள் பத்தாண்டுக்குப் பதில் இருபதாண்டு வைத்துக்கொள்ள முடிவு செய்தால், ஒரு காரும் அழியாமலே வரத்து பாதியாகிவிடும். பஞ்சத்தின் இயக்கவிசை இங்கேதான் இருக்கிறது.

அழிவு இந்த வகைக் கார்களுக்கு மற்றவற்றைவிடக் கடுமையானது. டொயோட்டாவின் ஏஇ86, 1983 முதல் 1987 வரை வந்த எளிய, எடை குறைந்த, பின்சக்கர உந்துதல் கொண்ட கார். மலிவாக இருந்ததாலேயே ஜப்பானின் மலைச்சாலைகளில் சறுக்கி ஓட்டும் டிரிஃப்ட் கலைக்கு அது விருப்பமான கருவியாயிற்று. நிஸான் சில்வியாவுக்கும் அதே கதி. சறுக்கி ஓட்டப்பட்ட கார்கள் சுவரில் மோதின, அறுத்து ஒட்டப்பட்டன, எஞ்சின் மாற்றப்பட்டன. 1995இல் 'இனிஷியல் டி' மாங்கா தொடர் ஏஇ86 காரை நாயகனின் வாகனமாக்கியபோது, அது புகழ் பெற்ற வேகத்திலேயே நல்ல நிலையில் உள்ளவை குறைந்துகொண்டிருந்தன.

மேனுவல் காருக்கே உரிய இன்னோர் ஆபத்தும் உண்டு. ஹோண்டா எஸ்2000 அதற்குச் சரியான உதாரணம். நிறுவனத்தின் ஐம்பதாவது ஆண்டையொட்டி உருவாகி, 1999இல் வெளிவந்து 2009 வரை விற்ற கார், மேனுவல் மட்டுமே, பத்தாண்டில் ஏறத்தாழ 1,10,000 செய்யப்பட்டது. அதன் முதல் இரண்டு லிட்டர் எஞ்சின் நிமிடத்துக்கு 9,000 சுழற்சி வரை ஓடும். பிஸ்டன் ஒரு முறை மேலிருந்து கீழே பயணிக்கும் தூரம் 84 மில்லிமீட்டர் என்பதால், உச்சச் சுழற்சியில் பிஸ்டனின் சராசரி வேகம் விநாடிக்கு 25 மீட்டரைத் தாண்டுகிறது. அன்றைய பந்தயக் கார்களோடு ஒப்பிடத்தக்க எண் இது. இப்போது ஓட்டுநர் மூன்றாம் கியரில் 8,500 சுழற்சியில் இருக்கிறார். நான்காவது போட வேண்டிய கை, பதற்றத்தில் இரண்டாவதுக்குள் விழுந்துவிடுகிறது. மூன்றாவதின் விகிதம் 1.481, இரண்டாவதின் விகிதம் 2.045. கிளட்சை விட்ட மறுகணம் சக்கரங்கள் எஞ்சினை 11,700 சுழற்சிக்கு மேல் இழுத்துச் செல்லும். எஞ்சினைக் காக்கும் மின்னணுக் கட்டுப்பாடு எரிபொருளைத்தான் நிறுத்த முடியும், சாலையில் உருளும் சக்கரத்தை நிறுத்த முடியாது. பிஸ்டன், வால்வு போன்ற முன்பின் அசையும் பாகங்கள் மீதான விசை சுழற்சியின் இருமடிக்கு ஏற்ப உயரும் என்பதால், 9,000இல் தாங்கும் பாகங்கள் இப்போது ஏறத்தாழ 70 விழுக்காடு கூடுதல் விசையைச் சந்திக்கின்றன. வால்வுச் சுருள்கள் பின்தங்கிவிடும். வால்வும் பிஸ்டனும் மோதினால் எஞ்சின் முடிந்தது. மோதாமல் தப்பினாலும் வால்வைத் தாங்கும் சிறு வளையத்தில் மயிரிழை விரிசல் விழுந்து, மாதங்கள் கழித்துக் கைவிடலாம். இரட்டைக் கிளட்ச் கார் இந்தக் கட்டளையை ஏற்கவே மறுத்துவிடும். மேனுவல் கார் ஓட்டுநரை முழுதாக நம்புகிறது. அந்த நம்பிக்கையின் விலை அதன் எஞ்சினுக்குள் பதிவாகிறது.

போர்ஷே கார்களில் அது நேர்ப்பொருளிலேயே பதிவாகிறது. எஞ்சின் கட்டுப்பாட்டுக் கணினி, எல்லை மீறிய சுழற்சிகளை ஆறு படிநிலைகளாகப் பிரித்து, எத்தனை முறை, எஞ்சின் ஓடிய எத்தனையாவது மணி நேரத்தில் நடந்தது என்று சேமித்து வைக்கிறது. பழைய ஜிடி3 வாங்க வருகிறவர் பெயின்ட்டைப் பார்ப்பதற்கு முன் இந்த அறிக்கையைத்தான் கேட்பார். மேல் படிநிலைகளில் எண்கள் இருந்தால், பலர் பேச்சை அங்கேயே முடித்துக்கொள்வார்கள்.

இந்த இடத்தில் பொருளியல் நுழைகிறது. ஜார்ஜ் அகெர்லோஃப் 1970இல் வெளியிட்ட ஒரு கட்டுரை பழைய கார்களை எடுத்துக்காட்டாக வைத்து எழுதப்பட்டது. மூன்று ஆய்விதழ்கள் திருப்பி அனுப்பிய அந்தக் கட்டுரைதான் பின்னர் 2001இல் அவருக்கு நோபல் பரிசு பெற்றுத்தந்த பணியின் மையம். விற்பவருக்குக் காரின் குறை தெரியும், வாங்குபவருக்குத் தெரியாது. ஆகவே வாங்குபவர் எல்லாக் காருக்கும் சந்தேகத்தைக் கழித்துக்கொண்டு சராசரி விலைதான் சொல்வார். அந்த விலைக்கு நல்ல கார் வைத்திருப்பவர் விற்க மாட்டார், ஒதுங்கிவிடுவார். சந்தையில் மிஞ்சுவது குறை உள்ளவை. ஒரே ஒரு தவறான கியரால் எஞ்சினே பாழாகக்கூடிய கார்களில் இந்தத் தகவல் இடைவெளி இன்னும் அகலம். ஆறு படிநிலை அறிக்கைகள், சர்வீஸ் புத்தகங்கள், சிலிண்டர் கசிவுச் சோதனைகள் எல்லாம் அந்த இடைவெளியை அடைக்கும் முயற்சிகள். ஆவணம் சுத்தமாக உள்ள காருக்கும் இல்லாத காருக்கும் விலை வானத்துக்கும் பூமிக்குமாகப் பிரிவது இதனால்தான்.

டேனியல் கானமன், ஜாக் நெட்ஷ், ரிச்சர்ட் தேலர் மூவரும் 1990இல் வெளியிட்ட ஆய்வு இன்னொரு பக்கத்தைக் காட்டியது. மாணவர்களில் பாதிப் பேருக்குக் காபிக் குவளைகளைக் கொடுத்துவிட்டு விற்கச் சொன்னார்கள். கிடைத்து சில நிமிடங்களே ஆன குவளைக்கு உடையவர்கள் கேட்ட விலை, வாங்குபவர்கள் தர முன்வந்ததைப்போல ஏறத்தாழ இரு மடங்கு. பத்தாண்டு தன் கையால் கியர் போட்டு ஓட்டிய கார் என்றால் கேட்கவே வேண்டாம்.

எல்லைகளும் வரத்தைத் தடுக்கின்றன. அமெரிக்கப் பாதுகாப்பு விதிகளுக்கு உட்படாமல் வேறு நாடுகளுக்காகச் செய்யப்பட்ட கார்களை, அவை 25 வயதைத் தாண்டிய பிறகே பொதுவாக அந்நாட்டுக்குள் கொண்டுவர முடியும். 1999 முதல் 2002 வரை வெளிவந்த நிஸான் ஸ்கைலைன் ஜிடி-ஆர் ஆர்34, மேனுவல் மட்டுமே, மொத்தம் 12,000க்கும் குறைவு. வீடியோ கேம்களில் அதை ஓட்டி வளர்ந்த அமெரிக்கச் சிறுவர்கள் நாற்பதை எட்டும் வயதில், 2024 ஜனவரியில்தான், முதல் ஆர்34 கார்களுக்கு அந்தக் கதவு திறந்தது. ஒரு நாட்டின் மொத்தத் தேவையும் ஒரே நேரத்தில் சின்ன இருப்பின் மீது பாய்ந்தது. ஜப்பானிய ஏல மையங்களில் விலை அதற்கு முன்பே ஏறத் தொடங்கியிருந்தது. இந்தியாவில் விதி நேர் எதிர். இங்கே இறக்குமதியாகும் பழைய கார் பொதுவாக மூன்று ஆண்டுக்கு மேற்பட்டதாக இருக்கக் கூடாது, வரியும் மிகக் கனமானது. ஆகவே சென்னையிலோ கோவையிலோ இருக்கும் ரசிகருக்கு ஆர்34 படத்தில் பார்க்கிற கார்தான்.

மேனுவல் கிடைக்காதவர்கள் இன்னொரு வழியைக் கண்டுபிடித்தார்கள். முதல் தலைமுறைத் துடுப்புக் கார்களுக்குள் இருந்தது மேனுவல் பெட்டிதான் என்று மேலே சொன்னோம் அல்லவா? அதனால் எஸ்எம்ஜி கொண்ட எம்3 காரிலிருந்து ஹைட்ராலிக் உறுப்புகளைக் கழற்றிவிட்டு, கிளட்ச் பெடலும் கியர் தண்டும் பொருத்தி, கணினி நிரலை மாற்றினால், தொழிற்சாலை மேனுவலுக்கு மிக நெருக்கமான ஒன்று கிடைத்துவிடும். ஃபெராரி எஃப் 430 கார்களுக்கும் இதைச் செய்யும் பட்டறைகள் உள்ளன. அசல் மேனுவலின் விலை அதற்கும் மேலே நிற்கிறது, ஏனென்றால் சேகரிப்பவர் வாங்குவது பிறப்புச் சான்றிதழையும் சேர்த்துத்தான். ஓட்டுவதற்காகவே கார் வாங்குகிறவருக்கு மாற்றப்பட்டது முழு நிறைவு தரும். இந்த வேலையைத் திறமையாகச் செய்யும் மெக்கானிக்குகள் உண்மையில் மேனுவல் கார்களின் இருப்பைக் கூட்டுகிறார்கள். இந்தச் சந்தையில் வேறு யாரும் செய்யாத காரியம் அது.

விலை ஏற ஏற இன்னொரு தீங்கு நேர்கிறது. கார் ஓடுவதை நிறுத்திவிடுகிறது. ஒவ்வொரு கிலோமீட்டரும் விலையைக் குறைக்கும் என்ற பயத்தில், குளிரூட்டிய அறையில் உறைபோட்டு நிறுத்துகிறார்கள். இயந்திரத்துக்கு அது நல்லதல்ல. ஈரப்பதம் உள்ள இடத்தில் நெடுநாள் நின்ற காரின் கிளட்ச் தட்டு ஃப்ளைவீலோடு துருவால் ஒட்டிக்கொள்ளும். ரப்பர் சீல்கள் காய்ந்து கசியும். பெட்ரோல் பிசினாகும், டயர் இறுகிப் பிடிமானம் இழக்கும். 1,270 மட்டுமே செய்யப்பட்ட போர்ஷே கரேரா ஜிடி காரை நினைத்துப் பாருங்கள். எஞ்சினைத் தரைக்கு அருகே தாழ்த்தி வைப்பதற்காக, அதன் பொறியாளர்கள் வெறும் 169 மில்லிமீட்டர் விட்டமுள்ள பீங்கான் கிளட்சை உருவாக்கினார்கள். சுழலும் நிறை அவ்வளவு குறைவு என்பதால், காலை இம்மி அளவு தவறாக எடுத்தாலும் கார் அணைந்துவிடும். மனிதப் பாதத்தின் நுட்பத்தை நம்பிச் செய்யப்பட்ட ஒரு பொருளை ஒரு பாதமும் தொடாமல் வைத்திருப்பது வருத்தம் தரும் வீணடிப்பு.

நிறுவனங்கள் இப்போது தேவையை உணர்ந்துவிட்டன, ஆனால் அதற்குத் தரும் விடை பெரும்பாலும் மிகச் சிறிய எண்ணிக்கையில் வருகிறது. கார்டன் மரே வடிவமைத்த டி.50, மேனுவல், 100 கார்கள். ஆஸ்டன் மார்ட்டின் வாலர், பன்னிரண்டு சிலிண்டர், மேனுவல், 110 கார்கள். 2023இல் வந்த போர்ஷே 911 எஸ்/டி, மேனுவல் மட்டும், 1,963 கார்கள். கைமாற்றி லாபம் பார்ப்பதைத் தடுக்க, அமெரிக்காவில் எஸ்/டி காரை முதல் ஆண்டு குத்தகைக்கு மட்டுமே கொடுத்தது போர்ஷே. இவை அருமையான கார்கள். ஆனால் பஞ்சத்தைத் தீர்க்கும் கார்கள் அல்ல. நேரே சேகரிப்பு அறைகளுக்குப் போகிறவை. இருபதாண்டு கழித்து ஓர் இளைஞர் கைக்கு எட்டும் விலையில் மேனுவல் கார் தேடினால், அவருக்குக் கிடைக்கப்போவது மாஸ்டா எம்எக்ஸ்-5 போன்றவைதான். 1989இல் தொடங்கி, 2016இல் பத்து லட்சத்தை எட்டி, ஒவ்வொரு தலைமுறையிலும் மேனுவலை விடாமல் வைத்திருக்கும் சின்னஞ்சிறு கார் அது. டொயோட்டா ஜிஆர் 86, அதன் இரட்டையான சுபாரு பிஆர்இசட், மேனுவலைத் தவிர வேறெதுவும் தராத ஹோண்டா சிவிக் டைப் ஆர் ஆகியவையும் இதே வரிசை. மேனுவல் காரில் தானியங்கி அவசர பிரேக் வைப்பது கடினம் என்று நெடுங்காலம் சொல்லப்பட்டது. 2024 மாடல் பிஆர்இசட் காரின் மேனுவல் வகையில் அந்தப் பாதுகாப்பு அமைப்பைச் சுபாரு வைத்துக் காட்டிவிட்டது.

இந்த வரிசையில் டொயோட்டா சூப்ராவின் கதை தனி. 1990களின் சூப்ரா டர்போ, ஜெர்மன் நிறுவனமான கெட்ராக் செய்த ஆறு கியர் மேனுவல் பெட்டிக்காகவே இன்றும் தேடப்படுகிறது. 2001இல் வெளிவந்த 'தி ஃபாஸ்ட் அண்ட் தி ஃபியூரியஸ்' படத்தில் பால் வாக்கர் ஓட்டிய சூப்ரா 2021இல் 5,50,000 டாலருக்கு ஏலம் போனது. 2019இல் புதிய சூப்ரா தானியங்கியாக மட்டுமே வந்தபோது எழுந்த ஏமாற்றக் குரல்கள் ஓயவே இல்லை. 2022இல் டொயோட்டா ஆறு கியர் மேனுவலைச் சேர்த்தது. உற்பத்தியை முடிக்கும் நேரத்தில் அறிவித்த இறுதிப் பதிப்பு 300 கார்கள், மேனுவல் மட்டும். அந்த முந்நூறும் எங்கே போகும் என்று ஊகிப்பது எளிது. 2022க்குப் பிறகு சாதாரண விலைக்கு, சாதாரண வாடிக்கையாளர்கள் ஆர்டர் கொடுத்து வாங்கிய மேனுவல் சூப்ராக்கள்தான் 2040களின் வரத்தில் வந்து சேரும். அவை எத்தனை என்பது முடிவாகிவிட்டது. எம்எக்ஸ்-5, ஜிஆர் 86, பிஆர்இசட் விஷயத்தில் அந்த எண் இப்போது ஷோரூம்களில் எழுதப்பட்டுக்கொண்டிருக்கிறது.